எந்தத் தோளில் வைப்பார்

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடுமாம். பதினொரு வருடம் கொழும்புப் பக்கம் கார்மெண்டில் வேலை செய்து வந்தவள் நான். அங்கே வாயில்லாதவளை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நானும் திருப்பிச் சொல்வேன். அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அண்ணனுடைய இடது கண் போனதற்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை.

எங்கள் வீட்டுக்குத் துவக்கு வந்தது அப்பாவால். இறம்பொடைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் அவர் வாச்சராக இருந்தார். காட்டுப்பன்றிக்காக அவர் பேரில் அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். இடியன் துவக்கு என்போம். குழாயின் வாய் வழியே வெடிமருந்தைக் கொட்டிக் கோலால் இடித்துக் கெட்டிக்கிற பழைய ரகம். விசைக்கு மேலே ஒரு சின்னக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் தலையில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய செம்புக் கேப்பு ஒன்றைத் தொப்பி மாதிரி மாட்ட வேண்டும். சுத்தி அதன் மேல் விழுந்தால் நெருப்பு உள்ளே போகும். கேப்பு இல்லாவிட்டால் அது வெறும் இரும்புத் தடிதான்.

அப்பா இறந்த பிறகு அனுமதிப்பத்திரம் அண்ணன் பேருக்கு மாறியது. லயத்துக்குப் பின்னால் சரிவில் கால் ஏக்கர் மரக்கறித் தோட்டம் வைத்திருந்தார். உருளைக்கிழங்கும் லீக்ஸும். பன்றி விழுந்தால் லயத்தின் இரண்டு பக்கமும் உள்ள எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். பூசாரி வீட்டுக்குக்கூடப் போகும், அவர் அதைப் பின்வாசலில் வாங்கிக்கொள்வார். அண்ணன் பங்கு பிரிக்கும் இடத்துக்கு வரமாட்டார். நாலு பேர் முன்னால் எதையும் வெட்டவோ எடுத்துக் கொடுக்கவோ அவருக்குக் கூச்சம். அதற்குக் காரணம் உண்டு.

அண்ணன் பிறந்ததே இடது கைக்காரராக. எங்கள் ஆட்களுக்கு அது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. திருநீறு வாங்குகிற கை, சோறு அள்ளுகிற கை, ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்கிற கை, எல்லாம் சோத்தாங்கைதான். மற்றதற்கு உள்ள பெயரைச் சொல்லித்தான் லயத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். அப்பா இடது மணிக்கட்டைத் துணியால் கட்டில் காலோடு கட்டிவிட்டுத்தான் சோற்றுத் தட்டைத் தள்ளுவாராம். அம்மா சொல்லிக் கேட்டது. எனக்கு நினைவு தெரிந்தபோது அந்தத் துணி இல்லை. ஆனால் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கை மடியில் கட்டிப் போட்டது போலவே கிடக்கும்.

வேலைக்குப் போன இடத்திலும் விடவில்லை. கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு இரண்டு கையும் ஒன்றுதான், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கவ்வாத்து அப்படி இல்லை. செடியின் கிளைகளை எல்லாரும் ஒரே மாதிரிச் சாய்த்து வெட்ட வேண்டும். அண்ணன் இடது கையால் வெட்டினால் சாய்வு எதிர்ப்பக்கம் விழும். செடியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார் கங்காணி. ஆகவே வலது கையால் வெட்டினார். வேகம் வராது. பல நாள் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான், போட்டார்கள். வீட்டுக்கு வந்து யாரையும் நொந்துகொள்ளமாட்டார். மலைபோல உட்கார்ந்திருப்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

அவருக்காகப் பொய் சொல்லப் பழகியது அப்போதிருந்துதான்.

பொகவந்தலாவைக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அம்மா தேத்தண்ணீரை நீட்டினார். பதற்றத்தில் அண்ணன் இடது கையை நீட்டிவிட்டார். அந்த அம்மாளின் முகம் மாறியது. நான் உடனே, "அண்ணனுக்குச் சோத்தாங்கையில கவ்வாத்துக் கத்தி பட்டிருச்சுங்க. மடக்க முடியல" என்றேன். அதோடு விட்டேனா? திரும்பி வருவதற்குள் அவர்கள் யாராவது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று என் கைக்குட்டையை எடுத்து ஒரு காயமும் இல்லாத சோத்தாங்கையில் கட்டும் போட்டேன். ஹட்டன் வரைக்கும் அந்தக் கட்டோடுதான் வந்தார். அந்தப் பெண்தான் என் அண்ணி. கல்யாணத்துக்குப் பிறகு உண்மை தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

துவக்கை அவர் எப்படிப் பிடிப்பார் என்பது அண்ணிக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு காலையில் தோட்டத்துக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது பார்த்தேன். பனிக்குள் நின்றுகொண்டிருந்தார். துவக்கு இடது தோளில் இருந்தது. இடது கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, வலது கண்ணை மூடி, அசையாமல் நின்றார். அந்த உடம்பில் கூச்சமே இல்லை. அவரை அப்படி நான் அதுவரை பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் துவக்கைச் சட்டென்று இறக்கினார்.

"பாத்துட்டியா? யார்கிட்டயும் சொல்லாத தங்கச்சி. சோத்தாங்கைப் பக்கம் வச்சா குறி நிக்க மாட்டேங்குது" என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை.

டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்றதே, அந்த வருடத்தில் கேப்பு வருவது நின்றுபோனது. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. இதில் துவக்குக் கேப்பை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்றார்கள். அண்ணன் பழைய கேப்புகளைத் திருநீற்று டப்பா ஒன்றில் போட்டு அடுப்புக்கு மேலே வைத்திருந்தார். என்ன வைத்தும் எங்கள் பனிக்கு அவை தாங்கவில்லை. ஐந்து தட்டினால் ஒன்று வெடிக்கும். பன்றிகளுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. மூன்று முறை விதைக்கிழங்கு போட்டார். மூன்று முறையும் மண்ணைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயின. மற்றதெல்லாம் சரியான பிறகும் கேப்பு மட்டும் வருவதும் போவதுமாகவே இருந்தது.

பொம்மைத் துவக்குக்குப் போடுகிற கேப்பை வைத்து அடிக்கலாம் என்று லயத்தில் ஒருவர் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. கேப்பே வேண்டாம், பழைய காலத்தில் செய்தது போல சக்கிமுக்கிக் கல்லில் நெருப்பெடுக்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கீழே சிங்களக் கிராமத்தில் ஒரு பாஸ் இருந்தார், கைவேலைக்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். தண்ணி மோட்டரும் செடிக்கு மருந்தடிக்கிற தாங்கியும் பழுது பார்ப்பவர். அனுமதி உள்ள துவக்குகளையும் பார்ப்பார். அண்ணனுக்குச் சாமான் வாங்குகிற அளவுக்குக் கடைச் சிங்களம்தான் வரும். பேசுவதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

தகரக் கூரைக்குக் கீழே பழைய தாங்கிகளுக்கு நடுவில் பாஸ் உட்கார்ந்திருந்தார். துவக்கை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனிதர், அவசரப்படவில்லை. நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம், என்னை நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிட்டார்.

"என்னைக் கேட்டால் கேப்பையே வைத்திருங்கள் என்பேன், நங்கி. கேப்பு மழையிலும் பிடிக்கும், தட்டியதும் பிடிக்கும். கல் அப்படி இல்லை. கல்லிலிருந்து பொறி விழ வேண்டும், பக்கத்தில் உள்ள கிண்ணத்து மருந்து பற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் நெருப்பு உள்ளே போகும். கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும். பனி அதிகமானால் பற்றவே பற்றாது. கேப்பு வரும்வரை பொறுங்களேன்."

நான் அதை அண்ணனிடம் தமிழில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நாலாவது தடவ கெழங்கு போட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. கல்லையே போட்டுக் கொடுங்கள் என்று பாஸிடம் சொன்னேன்.

பாஸ் உள்ளே போய், உடைந்துபோன பழைய துவக்கு ஒன்றிலிருந்து கழற்றிய பூட்டை எடுத்து வந்தார். கல்லும் கிண்ணமும் சேர்ந்த பாகம். அண்ணன் கையில் ஒட்டிய எண்ணெயைக் கழுவ வெளியே தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போனார். பாஸ் பூட்டைத் துவக்கின் வலது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணா எந்தத் தோளில் வைப்பார்? வலதா, இடதா?"

"வலது" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பொகவந்தலாவையில் எப்படி வந்ததோ அப்படியே வந்தது. ஒரு அந்நியர், என் அண்ணனின் கையைப் பற்றிக் கேட்கிறார். இடது என்ற சொல்லை அந்த மனிதர் முன்னால் நான் எப்படிச் சொல்வேன்? போதாததற்கு, "எங்கள் அண்ணன் எல்லாவற்றுக்கும் வலது கைதான்" என்று சேர்த்தும் சொன்னேன்.

"அப்படியென்றால் சரி" என்றார் பாஸ். அதற்குப் பிறகுதான் காரணத்தைச் சொன்னார். கிண்ணத்து மருந்து பற்றும்போது பூட்டு இருக்கும் பக்கமாக நெருப்பு வெளியே சீறும். வலது தோளில் வைப்பவருக்கு முகம் மறுபக்கம் இருக்கும், பயமில்லை. இடது தோளில் வைத்தால் முகம் நேராக அந்த நெருப்புப் பக்கம் வந்துவிடும். "இடது தோள்காரராக இருந்தால் இதை நான் போட்டுக் கொடுக்கமாட்டேன். மறுபக்கத்துக்கு ஏற்ற பூட்டு என்னிடம் இல்லை. கேப்பு வரும்வரை இருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன்."

அந்த நேரத்தில் இல்லை பாஸ், தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஒரு வார்த்தை. வாய் அதிகமுள்ளவளுக்கு அது வரவில்லை. அண்ணன் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் இன்னும் வரவில்லை. போகும் வழியில் அண்ணனிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று வழியில் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வாங்கப் போனோம். பாஸ் தன் தோட்டத்தில் ஒரு பழைய தகரத்தை நிறுத்திச் சுட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கே இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அண்ணன் துவக்கை வலது தோளில் வைத்துச் சுட்டார். பக்கத்தில் பளிச்சென்று நெருப்பு சீறியது, ஒரு நொடி கழித்து வெடித்தது. தகரத்தில் படவில்லை. பாஸ் சிரித்து, பழக வேண்டும் என்றார். பார்த்தாயா, வலது பக்கமும் அவருக்கு வரும் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது, "அண்ணே, இனிமே சோத்தாங்கைப் பக்கமே வச்சுச் சுடுங்க" என்றேன்.

"ம்" என்றார்.

ஏன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பாஸ் கேட்டதையும் சொல்ல வேண்டும். நான் என்ன பதில் கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய கையைப் பற்றி அவருக்குப் பின்னால் பேசினேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் விட்டுவிட்டேன். நான் சொன்னது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. சோத்தாங்கையில் சாப்பிடு, சோத்தாங்கையில் வெட்டு, சோத்தாங்கையில் வாங்கு. வாழ்நாள் முழுக்கக் கேட்டதோடு இன்னும் ஒன்று. அப்பாவின் குரலில்தான் கேட்டிருக்கும்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சரிவில் வெடிச் சத்தம் கேட்டது. பன்றி விழுந்துவிட்டது என்று யாரோ சந்தோசமாகச் சொன்னார்கள். நான் பிள்ளைக்காம்பராவைத் திறந்துகொண்டிருந்தேன். அங்கேதான் எனக்கு வேலை, கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. பிறகு அண்ணியின் குரல் கேட்டது. அந்தக் குரலை எழுத எனக்கு வராது.

அண்ணன் லீக்ஸ் பாத்திக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தார். இடது கன்னமும் நெற்றியும் கருகியிருந்தன. குறி பார்க்கத் திறந்திருந்த இடது கண்ணுக்குள் நெருப்பும் மருந்துத் தூளும் போயிருந்தன. மூடியிருந்த வலது கண் தப்பியது. அவர் எந்தத் தோளில் வைத்துச் சுட்டார் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. முகமே சொல்லிவிட்டது.

லொறியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோனோம். அண்ணியின் மடியில் தலை, என் மடியில் கால். வழி முழுக்க அவர் ஒரு சத்தமும் போடவில்லை. வளைவுகளில் லொறி திரும்பும்போது மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்தார். இடது கையால் பிடித்தார். வலிக்கும்போது எந்தக் கை முந்தி வரும் என்பதை யாரும் கட்டிப்போட முடியாது போலிருக்கிறது. டொக்டர்கள் மூன்று நாள் பார்த்தார்கள். கண்ணைக் காப்பாற்ற வழியில்லை என்று நாலாம் நாள் சொன்னார்கள்.

பாஸ் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாட்டுக்கு வந்தார். கட்டுப் போட்டிருந்த பக்கத்தைப் பார்த்தார். கன்னத்தில் இருந்த கரும்புள்ளிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும், "நங்கி, நான் கேட்டேன் அல்லவா?" என்றார். கேட்டீர்கள் என்றேன். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டோம். மரக்கறித் தோட்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார். அண்ணனுக்குப் படி இறங்கும்போது ஆழம் பிடிபடுவதில்லை, கடைசிப் படியில் காலை ஓங்கி வைத்துவிடுவார். கவ்வாத்துக்கு இனி எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கேத்தலிலிருந்து கோப்பைக்கு ஊற்றினால் பாதி வெளியே போகும். அதைத் துடைக்கத் துணி ஒன்றை அண்ணி எப்போதும் தோளில் போட்டிருக்கிறார். பிள்ளைக்காம்பராவில் இப்போது ஒரு சின்னவள் கரண்டியை இடது கையில்தான் பிடிக்கிறாள். நான் மாற்றிவிடுவதில்லை. அவளுடைய அம்மா என்னோடு சண்டைக்கு வருகிறார். வரட்டும்.

ஒன்பது மாதம் சுமந்துகொண்டு திரிந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அண்ணி கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணன் வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டு அருவியின் சத்தம் அதிகமாக இருந்தது. நான் தேத்தண்ணீர் போட்டு எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ் கேட்டது, நான் யோசிக்காமல் சொன்னது, அவர் காரணத்தைச் சொன்ன பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டேதான் சொன்னேன். "ஒங்க கண்ண நான்தாண்ணே எடுத்துட்டேன்" என்றேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். இப்போது அவர் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் தலையை முழுக்கத் திருப்ப வேண்டும்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி."

"என்னா தெரியும்?"

"பாஸ் கேட்டது, நீ சொன்னது, நெருப்பு எந்தப் பக்கம் சீறும்னு அவரு சொன்னது, எல்லாம். பீலி பக்கத்துலதானே இருந்துச்சு. வலது, இடது புரியாத அளவுக்கா என் சிங்களம் மோசம்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்தது. "அப்ப ஏன் உள்ள வந்து சொல்லல? அந்த ஆளுகிட்ட சொல்ல வேணாம், என்கிட்ட சொல்லியிருக்கலாமே. தெரிஞ்சும் ஏன் அந்தப் பக்கம் வச்சீங்க?"

"ரெண்டு வாரம் சோத்தாங்கைப் பக்கம்தான் வச்சேன். ஒண்ணுகூடப் படல. அன்னிக்கு பன்னி ரொம்பக் கிட்ட வந்துருச்சு. கை தானா மாறிருச்சு."

கண் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

"எங்கண்ணன் எல்லாத்துக்கும் வலது கைதான்னு சொன்ன பாரு. அதக் கேட்டப்ப எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு. அதுக்கப்புறம் உள்ள வந்து, இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. கோப்பையை எடுத்து, அவருடைய இடது கைக்குப் பக்கத்தில், வேண்டுமென்றே அந்தக் கைக்கு நேராக நீட்டினேன். வாசலில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து, தூரம் பிடிபடாமல் ஒரு தடவை காற்றைத் தொட்டு, கோப்பையை வாங்கிக்கொண்டார்.